மகிழுந்துகளில் மின்னணுத் திரைகள்

மகிழுந்துகளில் மின்னணுத் திரைகள் என்பவை வண்டியின் வேகம், எரிபொருள் இருப்பு, பழுது எச்சரிக்கை, வழிகாட்டும் வரைபடம் முதலியவற்றை ஓட்டுநருக்குக் காட்டும் கருவிகள் ஆகும். குளிர்சாதனம், பாட்டு, தொலைபேசி போன்றவற்றை இயக்கவும் இவை பயன்படுகின்றன. ஸ்டீயரிங்குக்கு நேர் எதிரே இருப்பது அளவிகள் திரை. முகப்புப் பலகையின் நடுவில் இருப்பது தொடுதிரை. சில வண்டிகளில் முன்கண்ணாடியின் மீதே வேகத்தை ஒளியாகக் காட்டும் கருவியும் உண்டு.

இக்கருவிகள் ஓட்டுநருக்குப் பல வகையில் உதவுகின்றன. அதே வேளையில் சாலையைப் பார்க்க வேண்டிய கண்ணைத் தம் பக்கம் இழுக்கவும் செய்கின்றன. ஆகவே எந்தக் கருவி என்ன சொல்கிறது, எதை எப்போது தொடலாம், எதைத் தொடக்கூடாது என்பதைத் தெரிந்துகொள்வது ஓட்டக் கற்றுக்கொள்வதின் ஒரு பகுதியாகவே ஆகிவிட்டது.

வரலாறு

பழைய மகிழுந்துகளில் வேகமானி, எரிபொருள் முள், வெப்பமானி ஆகியவற்றுடன் இரண்டு மூன்று விளக்குகள் மட்டுமே இருந்தன. வேகமானிக்குக் கியர் பெட்டியிலிருந்து ஒரு கம்பிவடம் வரும். அது சுழலும்போது அளவியின் உள்ளே ஒரு காந்தம் சுழலும். காந்தப் புலம் ஓர் உலோகக் கிண்ணத்தை இழுக்க, கிண்ணத்தோடு சேர்ந்த முள் நகரும். இதில் மின்னணுவியலுக்கு வேலையே இல்லை.

1976 ஆம் ஆண்டு பிரித்தானியாவின் ஆஸ்டன் மார்ட்டின் நிறுவனம் காட்சிக்கு வைத்த லகோண்டா என்ற மகிழுந்தில் முட்களுக்குப் பதிலாக ஒளிரும் எண்கள் இருந்தன. 1986 ஆம் ஆண்டு அமெரிக்காவின் ஜெனரல் மோட்டார்ஸ் தனது பியூக் ரிவியரா வண்டியில் தொடுதிரையைப் பொருத்தியது. அக்காலத் தொலைக்காட்சிப் பெட்டிகளில் இருந்தது போன்ற படக்குழாயே அந்தத் திரை. வானொலியின் அலைவரிசையை மாற்றவும், குளிர்சாதனத்தைக் கூட்டிக் குறைக்கவும் அதைப் பார்த்தே தொட வேண்டியிருந்தது. வாங்கியவர்களிடம் வரவேற்புக் குறைவாக இருந்ததால் சில ஆண்டுகளிலேயே அது கைவிடப்பட்டது.

2001 ஆம் ஆண்டு பி.எம்.டபிள்யூ நிறுவனம் ஒரே ஒரு திருகுக் குமிழால் பல வேலைகளைச் செய்யும் ஐடிரைவ் முறையைக் கொண்டுவந்தது. 2012 ஆம் ஆண்டு வெளிவந்த டெஸ்லா மாடல் எஸ் மகிழுந்தில் 17 அங்குலத் தொடுதிரை இருந்தது. பொத்தான்களில் பெரும்பாலானவை நீக்கப்பட்டு, அவற்றின் வேலை திரைக்குப் போனது. 2014 இல் ஆப்பிள் கார்பிளேயும் 2015 இல் ஆண்ட்ராய்டு ஆட்டோவும் வந்தபின், கைப்பேசியில் உள்ள வரைபடமும் பாட்டும் வண்டியின் திரையிலேயே தெரியத் தொடங்கின.

பெருகியதற்கான காரணங்கள்

முதல் காரணம் சட்டம். அமெரிக்காவில் 2018 மே மாதம் முதல் புதிய மகிழுந்துகளில் பின்புறக் கேமரா கட்டாயமானது. கேமரா இருந்தால் அதைக் காட்ட ஒரு திரையும் வேண்டும். இந்தியாவில் 2019 சூலை 1 முதல் புதிய மகிழுந்துகளில் ஓட்டுநர் காற்றுப்பை, சீட் பெல்ட் நினைவூட்டி, வேக எச்சரிக்கை, பின்புறத் தடை உணரி ஆகியவை கட்டாயமாயின. மணிக்கு 80 கிலோமீட்டரைத் தாண்டினால் விட்டுவிட்டும், 120 ஐத் தாண்டினால் தொடர்ந்தும் வண்டி ஒலி எழுப்புவது இவ்விதியால்தான். 2020 ஏப்ரல் 1 முதல் நடைமுறைக்கு வந்த பாரத் நிலை 6 மாசு விதிகளும் புதிய உணரிகளையும் எச்சரிக்கை விளக்குகளையும் கூட்டின.

இரண்டாவது காரணம் செலவு. ஒவ்வொரு பொத்தானுக்கும் தனி அச்சு, தனிக் கம்பி, தனிப் பொருத்துவேலை தேவை. திரையில் ஒரு பொத்தானைக் கூட்ட மென்பொருளை மாற்றினால் போதும். மூன்றாவது காரணம் விற்பனை. கடையில் நிற்கும் வண்டியில் பெரிய திரை உடனே கண்ணைக் கவர்கிறது. எஞ்சின் நன்றாக இருக்கிறதா என்பதை அவ்வளவு எளிதில் காட்ட முடியாது.

செயல்படும் விதம்

இன்றைய மகிழுந்தில் எஞ்சின், பிரேக், காற்றுப்பை, கதவு, குளிர்சாதனம் என ஒவ்வொன்றுக்கும் ஒரு சிறு கணினி உண்டு. இவை மின்னணுக் கட்டுப்பாட்டு அலகுகள் எனப்படுகின்றன. இவை தமக்குள் செய்தி பரிமாறிக்கொள்ள, ஜெர்மனியின் பாஷ் நிறுவனம் 1986 இல் வெளியிட்ட கேன் என்ற தகவல் தொடர்பு முறை பரவலாகப் பயன்படுகிறது. ஒரே இணைக் கம்பியில் எல்லா அலகுகளும் பேசுகின்றன. தனக்கு வேண்டிய செய்தியை ஒவ்வொன்றும் எடுத்துக்கொள்கிறது.

இதை அறிந்தால் பலரைத் திகைக்க வைக்கும் ஒரு நிகழ்வு புரியும். சக்கரத்தின் வேகத்தை அளக்கும் உணரி ஒன்று பழுதானால், அந்த அளவை நம்பியிருக்கும் ஏபிஎஸ், சறுக்கல் கட்டுப்பாடு, மேட்டில் பின்னோக்கி உருளாமல் பிடிக்கும் வசதி ஆகிய மூன்றின் விளக்குகளும் ஒரே நேரத்தில் எரியும். பழுது ஒன்று, விளக்கு மூன்று. அதுபோல பேட்டரி பலவீனமானால் தொடர்பில்லாத பல விளக்குகள் சேர்ந்து எரிவதுண்டு. வண்டியே கெட்டுப்போனது என்று அஞ்ச வேண்டியதில்லை. முதலில் பேட்டரியைச் சோதிக்கச் சொல்வது நல்லது.

எச்சரிக்கை விளக்குகள்

விளக்குகளின் வடிவங்கள் ஐஎஸ்ஓ 2575 என்ற பன்னாட்டுத் தரத்தைத் தழுவியவை. எந்த நிறுவனத்தின் வண்டியானாலும் பெரும்பாலான குறிகள் ஒன்றே. போக்குவரத்து விளக்கைப் போலவே நிறத்தை வைத்து அவசரத்தை அறியலாம்.

சிவப்பு எரிந்தால் பாதுகாப்பான இடத்தில் நிறுத்த வேண்டும். எண்ணெய்க் குவளை வடிவம் எஞ்சின் ஆயிலின் அழுத்தம் குறைந்ததைக் காட்டுகிறது. இது எரியும்போது இன்னும் சில கிலோமீட்டர் ஓட்டிப் பார்க்கலாம் என்று நினைத்தால் எஞ்சினே போய்விடும். வெப்பமானி வடிவம் எஞ்சின் அளவுக்கு மீறிச் சூடானதைக் காட்டுகிறது. சூடு தணியும்முன் ரேடியேட்டர் மூடியைத் திறந்தால் கொதிநீர் முகத்தில் அடிக்கும். வட்டத்துக்குள் வியப்புக்குறி, கை பிரேக் விடுபடவில்லை அல்லது பிரேக் திரவம் குறைந்துள்ளது என்று பொருள். பேட்டரி வடிவம், பேட்டரிக்கு மின்னேற்றம் நடக்கவில்லை என்பதாகும். குளிர்சாதனத்தையும் பாட்டையும் நிறுத்திவிட்டு அருகிலுள்ள பணிமனையை அடையலாம்.

மஞ்சள் எரிந்தால் உடனே நிறுத்த வேண்டியதில்லை. ஆனால் விரைவில் காட்ட வேண்டும். எஞ்சின் வடிவ மஞ்சள் விளக்கு சீராக எரிந்தால் பணிமனைக்கு ஓட்டிச் செல்லலாம். அது விட்டுவிட்டு எரிந்தால் எரியாத எரிபொருள் புகைப்போக்கிக்குள் போகிறது. வேகத்தைக் குறைத்து நிறுத்துவதே நல்லது. இல்லாவிட்டால் புகையைத் தூய்மையாக்கும் விலையுயர்ந்த வினையூக்கி கெட்டுவிடும். டீசல் வண்டிகளில் கரித்துகள் வடிகட்டி அடைத்தால் ஒரு மஞ்சள் விளக்கு எரியும். ஊருக்குள் குறுகிய தூரமே ஓடும் வண்டிகளில் இது அதிகம். கையேட்டில் சொல்லியபடி நெடுஞ்சாலையில் சிறிது நேரம் சீராக ஓட்டினால் கரி எரிந்து விளக்கு அணையும். பொருட்படுத்தாமல் விட்டால் வடிகட்டியையே மாற்ற நேரிடும்.

பச்சையும் நீலமும் செய்திகள் மட்டுமே. நீலம், முன்விளக்கு உயர்கதிரில் இருக்கிறது என்று சொல்கிறது. எதிரே வருபவரின் கண் கூசுகிறது என்பதற்கான நினைவூட்டலாகவும் அதைக் கொள்ளலாம்.

சாவியைத் திருப்பியதும் முக்கியமான விளக்குகள் ஒருமுறை எரிந்து அணையும். இது அவற்றின் தற்சோதனை. அப்போது எரியாத விளக்கும் ஒரு பழுதே. பழைய வண்டி வாங்குவோர் இதைக் கட்டாயம் கவனிக்க வேண்டும். பழுதை மறைப்பதற்காக விளக்கின் இணைப்பையே துண்டித்து விற்பவர்களும் உண்டு.

கவனச் சிதறல்

மணிக்கு 60 கிலோமீட்டர் வேகத்தில் செல்லும் வண்டி இரண்டு நொடிகளில் 33 மீட்டர் கடக்கிறது. 80 இல் 44 மீட்டர், 100 இல் 56 மீட்டர். திரையில் ஒரு பொத்தானைத் தேட இரண்டு நொடி ஆகிறது என்றால், அவ்வளவு தூரமும் வண்டி கண்ணை மூடிக்கொண்டு ஓடியது போலத்தான். அமெரிக்கச் சாலைப் பாதுகாப்பு அமைப்பு 2013 இல் வெளியிட்ட வழிகாட்டுதல், சாலையை விட்டுக் கண் விலகும் ஒவ்வொரு பார்வையும் இரண்டு நொடிக்கு மிகக்கூடாது, ஒரு வேலைக்கான மொத்த நேரம் 12 நொடியைத் தாண்டக்கூடாது என்கிறது.

சுவீடனின் வி பிலாகரே என்ற மகிழுந்து இதழ் 2022 இல் ஒரு சோதனை நடத்தியது. மணிக்கு 110 கிலோமீட்டர் வேகத்தில் ஓட்டிக்கொண்டே, இருக்கையைச் சூடாக்குதல், வானொலி நிலையம் மாற்றுதல் போன்ற நான்கு வேலைகளைச் செய்ய வேண்டும். வண்டியுடன் பழகிக்கொள்ள ஓட்டுநர்களுக்கு முன்பே நேரம் தரப்பட்டது. பொத்தான்கள் நிறைந்த 2005 ஆம் ஆண்டு வால்வோ வண்டியில் இவ்வேலைகள் 10 நொடியில், 306 மீட்டருக்குள் முடிந்தன. மிகவும் பின்தங்கிய புதிய வண்டியில் 44.9 நொடி ஆனது. அதற்குள் வண்டி 1,372 மீட்டர் சென்றுவிட்டது.

காரணம் எளிது. வழக்கமான பொத்தானைக் கை தடவியே கண்டுபிடிக்கும். திருகியதும் விரலுக்குத் தெரியும். வழவழப்பான கண்ணாடியில் ஒவ்வொரு முறையும் கண் துணைக்கு வர வேண்டும். வயது நாற்பதைக் கடந்தவர்களுக்குத் தொலைவிலிருந்து அருகிலும், மீண்டும் தொலைவிலும் பார்வையைக் குவிக்கக் கூடுதல் நேரம் ஆகிறது. ஆகவே அவர்களுக்கு இடர் அதிகம்.

ஜெர்மனியில் மழையில் சென்ற ஒருவர், கண்ணாடித் துடைப்பானின் வேகத்தை மாற்றத் தொடுதிரையைப் பார்த்தபோது வண்டி சாலையை விட்டு விலகி மோதியது. கார்ல்சுரூ உயர் மாநில நீதிமன்றம் 2020 இல், வண்டியோடு வரும் தொடுதிரையும் கைப்பேசியைப் போன்ற மின்னணுக் கருவியே என்று கூறி, 200 யூரோ தண்டமும் ஒரு மாத ஓட்டுநர் தடையும் சரி என்றது. இந்தியாவில் மோட்டார் வாகனச் சட்டத்தின் 2019 திருத்தம், ஓட்டும்போது கைப்பேசியைக் கையில் பிடித்துப் பயன்படுத்துவதை ஆபத்தான ஓட்டுதலாகக் கருதுகிறது. வழி பார்ப்பதற்கு மட்டும், கவனம் சிதறாத வகையில் பயன்படுத்த 2020 விதிகள் இடமளிக்கின்றன.

பொத்தான்களின் மீள்வருகை

இச்சிக்கல் சாலையோடு நிற்கவில்லை. 2017 ஆகஸ்டில் சிங்கப்பூர் அருகே அமெரிக்கக் கடற்படையின் ஜான் எஸ். மெக்கெய்ன் கப்பல் ஓர் எண்ணெய்க் கப்பலுடன் மோதியதில் 10 மாலுமிகள் இறந்தனர். விசாரணையில், கப்பலைச் செலுத்தும் தொடுதிரையின் அமைப்பும் குழப்பத்துக்குக் காரணங்களுள் ஒன்றாகக் கண்டறியப்பட்டது. அதன்பின் வேகக் கட்டுப்பாட்டைப் பழையபடி கைப்பிடிகளுக்கு மாற்றக் கடற்படை முடிவு செய்தது.

ஐரோப்பாவில் புதிய மகிழுந்துகளுக்குப் பாதுகாப்பு விண்மீன் வழங்கும் யூரோ என்கேப் அமைப்பு, 2026 முதல் திருப்பு விளக்கு, அபாய விளக்கு, கண்ணாடித் துடைப்பான், ஒலிப்பான், அவசர அழைப்பு ஆகிய ஐந்துக்கும் தனிப் பொத்தானோ நெம்புகோலோ இருக்க வேண்டும் என எதிர்பார்க்கிறது. இது சட்டம் அன்று. ஆனால் ஐந்து விண்மீன் பெற விரும்பும் நிறுவனங்கள் இதைப் புறக்கணிக்க முடியாது.

அன்றாடப் பயன்பாடு

புதிய வண்டியை எடுத்த முதல் நாளிலேயே சாலைக்குப் போகாமல், வீட்டு வாசலில் நிறுத்தி அரை மணி நேரம் பழகுவது நல்லது. துடைப்பான், கண்ணாடியில் படியும் ஆவியை நீக்கும் பொத்தான், அபாய விளக்கு, முன்விளக்கு ஆகிய நான்கையும் பார்க்காமலே கை தேடிப் பிடிக்க வேண்டும். மழையிலும் இருட்டிலும் தேவைப்படுபவை இவையே. நாளுக்கொரு வண்டி ஓட்டும் ஆக்டிங் டிரைவரிடம் சாவியைக் கொடுக்கும்போது, உரிமையாளர் இரண்டு நிமிடம் ஒதுக்கி இவற்றைக் காட்டிவிடுவது இருவருக்கும் நல்லது.

போகும் இடத்தைக் கிளம்பும்முன்பே வரைபடத்தில் பதிந்து, ஒலி வழிகாட்டலைக் கேட்டுக்கொண்டு ஓட்டலாம். வழியில் மாற்ற வேண்டியிருந்தால் பக்கத்தில் இருப்பவர் செய்யட்டும், அல்லது ஓரமாக நிறுத்தலாம். ஸ்டீயரிங்கில் உள்ள பொத்தான்களும் குரல் கட்டளையும் திரையைத் தொடும் தேவையைக் குறைக்கும். இரவில் திரையின் ஒளியைக் குறைப்பது அவசியம். ஒளி மிகுந்த திரையைப் பார்த்த கண்ணுக்கு இருட்டுச் சாலையில் நடந்து செல்பவர் தெரிவதில்லை. முனைவாக்கக் குளிர்கண்ணாடி அணிந்தால் சில திரைகள் மங்கலாகத் தெரியும். அது திரையின் பழுது அன்று.

பின்புறக் கேமராவை முழுமையாக நம்பக்கூடாது. அதன் அகலக்கோண வில்லை தூரத்தைக் கூட்டிக் காட்டும். மழைச் சேறு படிந்தால் ஒன்றும் தெரியாது. வீட்டு வாசலில் பின்னோக்கி எடுக்கும்முன் இறங்கி ஒருமுறை பார்ப்பதற்கு எந்தக் கருவியும் ஈடாகாது. குழந்தைகள் உள்ள வீடுகளில் இது மிகவும் முக்கியம்.

ஒலி தொல்லையாக இருக்கிறது என்று சீட் பெல்ட்டின் கொளுவியில் வெற்றுக் கொக்கியைச் செருகி நினைவூட்டியை ஏமாற்றும் பழக்கம் உள்ளது. காற்றுப்பை என்பது சீட் பெல்ட்டுக்குத் துணையே தவிர மாற்று அன்று. பெல்ட் அணியாதவர் முன்னோக்கி வீசப்படும் நேரத்தில் வெடித்து விரியும் பையே அவரைக் காயப்படுத்தக்கூடும்.

பழுதும் தரவும்

திரையும் ஒரு கணினியே. எனவே அது உறைந்து நிற்பதுண்டு. பல வண்டிகளில் ஒலியளவுக் குமிழையோ மின் பொத்தானையோ சில நொடி அழுத்திப் பிடித்தால் மறுபடி தொடங்கும். பெரும்பாலான வண்டிகளில் பிரேக்கும் ஸ்டீயரிங்கும் தனி அலகுகளால் இயங்குவதால், நடுத்திரை அணைந்தாலும் வண்டியை ஓரங்கட்ட முடியும். ஆயினும் எல்லாவற்றையும் திரையிடம் ஒப்படைத்த வண்டிகளில் அது கெட்டால் இழப்பு பெரிது. 2021 இல் டெஸ்லா நிறுவனம், திரையின் நினைவகம் தேய்ந்து பின்புறக் காட்சியும் கண்ணாடி ஆவி நீக்கும் வசதியும் இழக்க நேரிடும் என்பதால் அமெரிக்காவில் சுமார் 1,35,000 வண்டிகளைத் திரும்ப அழைத்தது.

கைப்பேசியை இணைக்கும்போது தொடர்பு எண்கள், அழைப்புப் பட்டியல், வீட்டு முகவரி ஆகியவை வண்டியின் நினைவகத்தில் பதியக்கூடும். வண்டியை விற்கும்போதும், வாடகை வண்டியைத் திருப்பித் தரும்போதும் அமைப்புகள் பகுதிக்குச் சென்று அனைத்தையும் அழித்துவிட வேண்டும்.

கையுறைப் பெட்டியில் பிரிக்கப்படாமல் கிடக்கும் கையேட்டில், விளக்குகளின் படங்களும் பொருளும் உள்ள பக்கங்கள் சிலவே. அவற்றை ஒருமுறை படித்து, வீட்டில் வண்டி ஓட்டும் எல்லோருக்கும் சொல்லிக் கொடுத்துவிட்டால், நெடுஞ்சாலையில் ஒரு சிவப்பு விளக்கு எரியும்போது யாரும் திகைத்து நிற்க வேண்டியிருக்காது.