சென்னை மாநகராட்சித் தேர்தல், 1996

சென்னை மாநகராட்சித் தேர்தல், 1996 என்பது தமிழ்நாட்டின் தலைநகரான சென்னையின் மாமன்ற உறுப்பினர்களையும் மேயரையும் தேர்ந்தெடுக்க 1996 அக்டோபர் மாதம் நடைபெற்ற தேர்தல் ஆகும். தமிழ்நாடு முழுவதும் இரு கட்டங்களாக (அக்டோபர் 9, அக்டோபர் 12) நடைபெற்ற உள்ளாட்சித் தேர்தல்களின் ஒரு பகுதியாக இது அமைந்தது. ஏறத்தாழ 23 ஆண்டு இடைவெளிக்குப் பின் நடைபெற்ற இத்தேர்தலில்தான் சென்னை மேயர் முதன்முறையாக மக்களால் நேரடியாகத் தேர்ந்தெடுக்கப்பட்டார். திராவிட முன்னேற்றக் கழகத்தைச் (தி.மு.க) சேர்ந்த மு. க. ஸ்டாலின் வெற்றி பெற்றார்.

பின்னணி

சென்னை மாநகராட்சி 1688ஆம் ஆண்டு நிறுவப்பட்டது. இந்தியாவின் மிகப் பழமையான மாநகராட்சி இதுவே. நகரத் தலைவருக்கு மேயர் என்னும் பெயர் 1933 முதல் மீண்டும் வழங்கப்பட்டது. அவ்வகையில் முதல் மேயராக மு. அ. முத்தையா செட்டியார் பதவி வகித்தார். அக்காலத்தில் மேயரை மாமன்ற உறுப்பினர்களே தம்முள் ஒருவராகத் தேர்ந்தெடுத்தனர். பதவிக்காலம் ஓராண்டு மட்டுமே. 1957இல் தாரா செரியன் முதல் பெண் மேயரானார். 1959இல் அ. பொ. அரசு தி.மு.க.வின் முதல் மேயரானார்.

1973ஆம் ஆண்டின் இறுதியில் மாமன்றம் கலைக்கப்பட்டது. வேலைக்கு வராத, சில இடங்களில் இல்லவே இல்லாத தொழிலாளர்களின் பெயர்களை வருகைப் பதிவேட்டில் எழுதிக் கூலி பெற்றதாக எழுந்த 'மஸ்டர் ரோல்' ஊழல் புகாரே இதற்குக் காரணம். அப்போது மாநிலத்தை ஆண்ட கட்சியும் மாமன்றத்தில் பெரும்பான்மை பெற்றிருந்த கட்சியும் தி.மு.க.வே என்பது குறிப்பிடத்தக்கது. அதன்பின் அரசு நியமித்த தனி அலுவலர்களே மாநகராட்சியை நிருவகித்தனர். 1986இல் தமிழ்நாட்டின் நகராட்சிகளுக்குத் தேர்தல் நடைபெற்றபோதும் சென்னைக்கு நடைபெறவில்லை. இதனால் குடிநீர், குப்பை, தெருவிளக்கு போன்ற அன்றாடக் குறைகளைக் கூற, தாம் வாக்களித்துத் தேர்ந்தெடுத்த வட்ட உறுப்பினர் எவரும் இன்றி ஒரு தலைமுறையே வளர்ந்தது.

அரசியலமைப்புத் திருத்தம்

இந்நிலையை மாற்றியது 1993 சூன் 1 அன்று நடைமுறைக்கு வந்த இந்திய அரசியலமைப்பின் 74ஆவது திருத்தம் ஆகும். இதன் முக்கிய விதிகள் வருமாறு:

• நகர்ப்புற உள்ளாட்சி மன்றங்களின் பதவிக்காலம் ஐந்து ஆண்டுகள்.
• மன்றம் கலைக்கப்பட்டால் ஆறு மாதங்களுக்குள் தேர்தல் நடத்தப்பட வேண்டும்.
• மூன்றில் ஒரு பங்கிற்குக் குறையாத இடங்கள் பெண்களுக்கு ஒதுக்கப்பட வேண்டும்.
• தாழ்த்தப்பட்டோருக்கும் பழங்குடியினருக்கும் மக்கள்தொகை விகிதப்படி இடங்கள் ஒதுக்கப்பட வேண்டும்.
• தேர்தலை நடத்தும் பொறுப்பு மாநிலத் தேர்தல் ஆணையத்தைச் சாரும்.

தமிழ்நாடு மாநிலத் தேர்தல் ஆணையம் 1994இல் அமைக்கப்பட்டது. 1996 சட்டமன்றத் தேர்தலில் தி.மு.க. - தமிழ் மாநில காங்கிரசு கூட்டணி வெற்றி பெற்று ஆட்சி அமைத்த சில மாதங்களில் உள்ளாட்சித் தேர்தல் நடைபெற்றது.

தேர்தல் முறை

சென்னை அப்போது 155 வட்டங்களாகப் பிரிக்கப்பட்டிருந்தது. ஒவ்வொரு வாக்காளரும் இரு வாக்குகள் அளித்தனர். ஒன்று வட்ட உறுப்பினருக்கு; மற்றொன்று மேயருக்கு. துணை மேயரை மட்டும் மாமன்ற உறுப்பினர்கள் தேர்ந்தெடுத்தனர்.

சென்னை, மதுரை, கோயம்புத்தூர், திருச்சிராப்பள்ளி, சேலம், திருநெல்வேலி ஆகிய ஆறு மாநகராட்சிகளிலும் இம்முறையே பின்பற்றப்பட்டது. இவற்றுள் திருச்சிராப்பள்ளி, திருநெல்வேலி ஆகிய இரண்டிலும் பெண்கள் மேயர்களாயினர்.

தருமபுரி மாவட்டத்தில் அப்போது மாநகராட்சி எதுவும் இல்லை. 1965 வரை தாய் மாவட்டமாக இருந்த சேலத்தின் தலைநகரே அருகிலிருந்த மாநகராட்சி. எனினும், பிரிக்கப்படாத அம்மாவட்டத்தின் தருமபுரி, கிருட்டிணகிரி, ஓசூர் நகராட்சிகளின் வாக்காளர்களும் தம் நகராட்சித் தலைவர்களை நேரடியாகவே தேர்ந்தெடுத்தனர். இவற்றுள் ஓசூர், கிருட்டிணகிரி மாவட்டம் 2004இல் பிரிந்த பின்னர், 2019இல் மாநகராட்சியானது.

விளைவுகள்

1996 அக்டோபர் 25 அன்று ஸ்டாலின் மேயராகப் பொறுப்பேற்றார். அவர் ஆயிரம் விளக்குத் தொகுதியின் சட்டமன்ற உறுப்பினராகவும் இருந்தார். 'சிங்காரச் சென்னை' என்னும் திட்டத்தின் கீழ்ப் போக்குவரத்து நெரிசலைக் குறைக்க மேம்பாலங்கள் பல கட்டப்பட்டன. 2000ஆம் ஆண்டில் மூன்று மண்டலங்களின் குப்பை அகற்றும் பணி தனியார் நிறுவனத்திடம் ஒப்படைக்கப்பட்டது.

2001 தேர்தலிலும் ஸ்டாலின் வென்றார். ஆனால் துணை மேயராக, தி.மு.க.வைச் சாராத கராத்தே தியாகராசன் தேர்ந்தெடுக்கப்பட்டார். நேரடித் தேர்தலில் மேயர் ஓர் அணியாகவும் மாமன்றம் வேறோர் அணியாகவும் அமையக்கூடும் என்பதை இது காட்டியது. ஒருவர் இரு பதவிகளை வகிப்பதைத் தடுக்கும் சட்டம் 2002இல் அப்போதைய அ.தி.மு.க. அரசால் கொண்டுவரப்பட்டது. அதைத் தொடர்ந்த வழக்கின் பின் ஸ்டாலினின் மேயர் பதவி முடிவுற்றது.

பிற்காலம்

மேயரைத் தேர்ந்தெடுக்கும் முறை பின்னர்ப் பலமுறை மாற்றப்பட்டது. 2006இல் மறைமுகத் தேர்தல் வழியாக மா. சுப்பிரமணியனும், 2011இல் நேரடித் தேர்தல் வழியாக சைதை துரைசாமியும் மேயராயினர். நேரடித் தேர்தலில் மேயர் முழு நகரத்திற்கும் பதில் கூறக் கடமைப்பட்டவராகிறார். மறைமுகத் தேர்தலில் மாமன்றப் பெரும்பான்மையின் ஆதரவு அவருக்கு உறுதியாகிறது. ஆயினும் இரு முறைகளிலும் அன்றாட நிருவாக அதிகாரத்தின் பெரும்பகுதி அரசு நியமிக்கும் ஆணையரிடமே உள்ளது.

2016இல் மாமன்றத்தின் பதவிக்காலம் முடிந்தபின், ஐந்து ஆண்டு எனும் அரசியலமைப்பு விதி இருந்தும், சென்னை மீண்டும் தனி அலுவலரின் கீழ் வந்தது. 2022 பிப்ரவரியில் 200 வட்டங்களுக்குத் தேர்தல் நடைபெற்று, மார்ச்சு 4 அன்று மறைமுகத் தேர்தல் வழியாக ஆர். பிரியா மேயரானார். சென்னையின் முதல் தாழ்த்தப்பட்ட சமூகப் பெண் மேயர் இவரே ஆவார்.