புரோட்டீன் பவுடர்: டப்பாவைத் திருப்பிப் பாருங்கள்

ஜிம்மில் சேர்ந்த முதல் வாரமே "என்ன புரோட்டீன் எடுக்கிறீங்க?" என்ற கேள்வி வந்துவிடுகிறது. சாப்பாட்டிலிருந்து ஏற்கெனவே எவ்வளவு கிடைக்கிறது என்று யாரும் கேட்பதில்லை. கணக்கை அங்கிருந்து தொடங்கினால்தான் பவுடர் தேவையா, தேவையென்றால் எதை வாங்குவது என்பது தெளிவாகும்.

புரதம் என்ன செய்கிறது?

தசை, தோல், முடி, ரத்தத்தில் ஆக்ஸிஜனைச் சுமக்கும் ஹீமோகுளோபின், செரிமான நொதிகள், கிருமியோடு போராடும் எதிர்ப்பொருள்கள் எல்லாவற்றுக்கும் புரதங்களே அடிப்படை. இவை 20 அமினோ அமிலங்களால் ஆனவை. அவற்றில் 9 உணவிலிருந்துதான் வந்தாக வேண்டும். அரிசியில் லைசின் குறைவு, பருப்பில் மெத்தியோனின் குறைவு. இட்லியிலும் பொங்கலிலும் ஒன்றின் குறையை மற்றது ஈடுகட்டுகிறது.

புரதம் நிறைந்த உணவு பசியை நெடுநேரம் தாங்கும். எடை குறைப்பவர்களுக்குத் தசை கரைவதைக் குறைக்கும். கொழுப்பைப் போல இதைச் சேமித்துவைக்க உடலில் தனி இடமில்லை என்பதால் தினமும் வேண்டும். அளவுக்கு மிஞ்சியது எரிபொருளாகவோ கொழுப்பாகவோ மாறிவிடும்.

எவ்வளவு வேண்டும்?

ஹைதராபாத்தில் உள்ள தேசிய ஊட்டச்சத்து நிறுவனத்தின் 2020 பரிந்துரைப்படி, பெரியவர்களுக்கு உடல் எடையில் கிலோவுக்கு 0.83 கிராம். 60 கிலோ எடையுள்ளவருக்கு நாளுக்குச் சுமார் 50 கிராம். முதுமையில் தசை தேய்வதால் 1 முதல் 1.2 கிராம் வரை நல்லது என்று வல்லுநர்கள் பலர் சொல்கிறார்கள். கடுமையாக எடை தூக்கிப் பயிற்சி செய்பவர்களுக்கு 1.4 முதல் 2 கிராம் வரை போகலாம்.

இப்போது தட்டைக் கணக்கிடுங்கள். 2 முட்டையில் 12 கிராம், ஒரு டம்ளர் பாலில் 6, சமைக்காத பருப்பு 50 கிராமில் 11, ஒரு கைப்பிடி வேர்க்கடலையில் 7, நாள் முழுதும் சாப்பிடும் 200 கிராம் அரிசியில் 15. கூட்டினால் 51. ஆனால் சாம்பார் தண்ணியாக இருந்து, முட்டையும் பாலும் இல்லாவிட்டால் இதில் பாதியளவுதான் தேறும். அப்போதும் சுண்டல், சோயா, தயிர், மீன் என்று சேர்ப்பதே முதல் வழி. உடம்பை ஏற்றுவதற்காகப் புரோட்டீன் பவுடரை நாட வேண்டாம் என்று அதே நிறுவனம் 2024இல் வெளியிட்ட உணவு வழிகாட்டி அறிவுறுத்துகிறது. பயிற்சி இல்லாமல் பவுடர் மட்டும் தசையை வளர்க்காது.

அப்படியும் வாங்குவதென்றால்

சீஸ் செய்யும்போது பாலிலிருந்து பிரியும் தெளிநீரில் இருந்து எடுப்பது வே. இதில் கான்சென்ட்ரேட் வகையில் சுமார் 80 சதவீதம்வரை புரதம் இருக்கும். ஐசோலேட்டில் 90 சதவீதத்தை ஒட்டி இருக்கும், லாக்டோஸ் மிகக் குறைவு, விலை கூடுதல். பால் குடித்தால் வயிறு உப்புகிறவர்களுக்கு ஐசோலேட் ஒத்துக்கொள்ளலாம். பால் அலர்ஜி உள்ளவர்களுக்கு எந்த வேயும் ஆகாது. அவர்களுக்குப் பட்டாணி, சோயா பவுடர்கள் உண்டு.

டப்பாவின் முன்பக்க எழுத்தை விட்டுவிட்டுப் பின்பக்கம் பாருங்கள். ஒரு ஸ்கூப் எத்தனை கிராம், அதில் புரதம் எத்தனை கிராம்? 30 கிராம் ஸ்கூப்பில் 24 என்றால் 80 சதவீதம். 15தான் என்றால், பாதி எடை சர்க்கரை, மால்டோடெக்ஸ்ட்ரின் என்ற மாவுச்சத்து போன்ற மற்றவையே. 'மாஸ் கெயினர்' பலவற்றில் புரதத்தைவிட மாவுச்சத்தே மிகுதி. விலையை ஒப்பிடும்போதும் டப்பாவின் மொத்த எடையை விட்டு, உள்ளிருக்கும் புரதத்தின் எடையால் வகுத்துப் பாருங்கள்.

அந்தப் புரத எண்ணிலும் ஏமாற்று உண்டு. வழக்கமான சோதனை நைட்ரஜனை அளந்து, அதை 6.25 போன்ற ஓர் எண்ணால் பெருக்கிப் புரதம் என்று சொல்கிறது. 2008இல் சீனாவில் பால்பொடியில் நைட்ரஜன் நிறைந்த மெலமைன் கலந்தது இந்த ஓட்டையைப் பயன்படுத்தித்தான்; லட்சக்கணக்கான குழந்தைகள் நோயுற்றார்கள். புரோட்டீன் பவுடர்களில் இதே ஏமாற்றுக்கு மலிவான கிளைசின், டாரின் போன்ற அமினோ அமிலங்களைச் சேர்ப்பதுண்டு. சேர்மானப் பட்டியலில் இவை இருந்தால், அவற்றையும் புரதமாகக் கணக்கிட்டிருக்கிறார்களா என்று சந்தேகப்படுங்கள். இந்திய உணவுப் பாதுகாப்பு ஆணையமான எஃப்எஸ்எஸ்ஏஐயின் 14 இலக்க உரிம எண், காலாவதித் தேதி, வெளி ஆய்வகச் சோதனைச் சான்று மூன்றையும் சரிபாருங்கள்.

சிறுநீரக நோய் உள்ளவர்கள் மருத்துவரைக் கேட்காமல் தொடவே கூடாது. நீண்ட காலச் சர்க்கரை நோயாளிகள் முதலில் சிறுநீரக இயக்கத்தைக் காட்டும் கிரியாட்டினின் அளவைப் பார்த்துக்கொள்வது நல்லது. கர்ப்பிணிகளுக்கும் குழந்தைகளுக்கும் மருத்துவர் சொன்னால் மட்டுமே. மற்றவர்கள் தட்டில் எத்தனை கிராம் குறைகிறதோ அந்த அளவுக்கு மட்டும், சின்னப் பாக்கெட்டாக வாங்கி, வயிறு ஏற்கிறதா என்று பார்த்துவிட்டுத் தொடரலாம்.