பயனர் குழுக் கூட்டத்துக்கு நம் பிள்ளைகளும் போகட்டும்

தனியார் மென்பொருள் துறையில் இட ஒதுக்கீடு கிடையாது. அரசு வேலை என்றால் அறிவிப்பு வரும், தேர்வு உண்டு, இனச்சுழற்சி உண்டு, அநியாயம் நடந்தால் முறையிட ஆணையம் உண்டு. மென்பொருள் நிறுவனத்தில் ஓர் இடம் காலியானால், பல நேரம் அங்கே வேலை பார்ப்பவருக்குத்தான் அது முதலில் தெரியும். அவர் தனக்குத் தெரிந்த ஒருவரின் பெயரைச் சொல்வார். இதைத்தான் ‘ரெஃபரல்’ என்கிறார்கள். அண்ணனோ மாமாவோ ஏற்கெனவே அந்தத் துறையில் இருந்தால் இது எளிது. வீட்டின் முதல் பட்டதாரியாக வெளியே வரும் நம் பிள்ளையின் பெயரை யார் சொல்வது?

‘யூசர் குரூப்’ எனப்படும் பயனர் குழுக்களின் கூட்டங்களை இந்தக் கேள்வியோடுதான் நாம் பார்க்க வேண்டும்.

ஒரு மென்பொருளையோ கணினி மொழியையோ பயன்படுத்துகிறவர்கள் விடுமுறை நாளில் ஓரிடத்தில் கூடி, தெரிந்ததை ஒருவருக்கொருவர் சொல்லிக்கொடுப்பதுதான் இந்தக் கூட்டம். சென்னையில் லினக்ஸ் பயனர் குழு 1998 முதல் இயங்கிவருகிறது. பைத்தான் மொழிக்கும் அங்கே ஒரு குழு உண்டு. காஞ்சிபுரத்திலும் விழுப்புரத்திலும் லினக்ஸ் குழுக்கள் இருக்கின்றன. விழுப்புரம் குழுவின் தன்னார்வலர்கள் கல்லூரி மாணவர்களோடு நின்றுவிடாமல் கிராமங்களுக்கும் போய்க் கணினி கற்றுக்கொடுக்கிறார்கள்.

பெரும்பாலும் கட்டணம் இல்லை. மதிப்பெண் பட்டியலை யாரும் கேட்பதில்லை. ஒருவர் அரை மணி அல்லது முக்கால் மணி நேரம் பேசுவார், பிறகு கேள்விகள். புதியவர்களுக்காக 5 நிமிட உரைகளும் உண்டு. உரை முடிந்து தேநீர் குடிக்கும்போதுதான் அடுத்த பயன் தொடங்குகிறது. எந்த நிறுவனத்தில் ஆள் எடுக்கிறார்கள், நேர்காணலில் என்ன கேட்கிறார்கள், எதைப் படித்தால் வேலைக்கு ஆகும் என்பதெல்லாம் அங்கே பேச்சோடு பேச்சாக வரும். அந்த இடத்தில் இல்லாதவருக்கு அது தெரியாமலே போகிறது.

பெயரைப் பார்த்து ஒதுக்குவது நம் கற்பனை அல்ல. சுக்தேவ் தோரட், பால் அட்டெவெல் இருவரும் செய்த ஆய்வு 2007-இல் ‘எகனாமிக் அண்ட் பொலிடிகல் வீக்லி’ இதழில் வெளிவந்தது. தனியார் நிறுவனங்களின் வேலை விளம்பரங்களுக்கு, ஒரே தகுதியோடு, பெயரை மட்டும் மாற்றி விண்ணப்பங்களை அனுப்பிப் பார்த்தார்கள். உயர்சாதிப் பெயரோடு ஒப்பிட்டால், தலித் பெயருக்கு அடுத்த கட்ட அழைப்பு வரும் வாய்ப்பு ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்காகத்தான் இருந்தது.

காகிதத்திலேயே கழித்துவிடும் இடத்தில், செய்த வேலையை நேரில் காட்டுவது ஒரு வழி. லினக்ஸ் போன்ற கட்டற்ற மென்பொருளில் மூல நிரல் எல்லோருக்கும் திறந்திருக்கிறது. அதில் ஒரு பிழையைத் திருத்திக் கொடுத்து, அது ஏற்கப்பட்டால், திருத்தியவர் பெயரும் தேதியும் பதிவில் நிற்கும். யாருடைய பரிந்துரையும் இல்லாமல் கிடைக்கும் சான்று அது. அந்த முதல் திருத்தத்தைச் செய்யக் கைபிடித்துச் சொல்லிக்கொடுக்கும் இடம் இந்தக் கூட்டம்.

கதவு திறந்திருப்பதாலேயே எல்லோரும் உள்ளே போய்விட முடியாது. சனிக்கிழமை கடைக்கோ கட்டட வேலைக்கோ போகும் மாணவனுக்குக் கூட்டம் என்றால் ஒரு நாள் கூலி நட்டம். உரை ஆங்கிலத்தில் நடந்தால் தமிழ்வழியில் படித்த பெண் கேள்வி கேட்கத் தயங்குவாள். மாலை இருட்டியபின் முடிந்தால் கடைசிப் பேருந்து போய்விடும். இவற்றையெல்லாம் தாண்டிப் போனாலும் “எந்த ஊர்? ஊருக்குள்ளேயா, வெளியிலயா?” என்று கேட்க ஒருவர் இருந்தால் போதும், அடுத்த மாதம் அந்தப் பிள்ளை வரமாட்டாள்.

எனவே குழுக்களை நடத்தும் நண்பர்களிடம் நாம் மூன்று கோரிக்கைகளை வைக்கிறோம்.

முதலாவது, ஆண்டுக்குச் சில கூட்டங்களையாவது சேரிகளில் உள்ள அம்பேத்கர் படிப்பகத்திலோ சமுதாயக் கூடத்திலோ, தமிழிலேயே, பகலில் நடத்துங்கள். 2011 கணக்கெடுப்பின்படி, பிரிக்கப்படாத விழுப்புரம் மாவட்ட மக்களில் 29 சதவீதத்துக்கு மேல் பட்டியல் சாதியினர். பத்துப் பேரில் ஏறத்தாழ மூன்று பேர். உங்கள் கூட்டத்தில் அந்த மூன்று பேர் இருக்கிறார்களா என்று ஒருமுறை பாருங்கள்.

இரண்டாவது, நடத்தை விதியில் சாதியைப் பெயர் சொல்லிக் குறிப்பிடுங்கள். உலகெங்கும் கட்டற்ற மென்பொருள் திட்டங்கள் பின்பற்றும் ‘கான்ட்ரிபியூட்டர் காவனன்ட்’ என்ற நடத்தை விதியின் 2.1 பதிப்பில் சாதி என்ற சொல் இடம்பெற்றிருக்கிறது. உலகத் திட்டங்களுக்கான விதியிலேயே இருக்கும் சொல்லை நம் ஊர்க் கூட்டத்தில் உரக்கப் படிப்பதில் தயக்கம் எதற்கு?

மூன்றாவது, மேடை ஏறுபவர்களின் பட்டியலில் நம் பிள்ளைகளுக்கும் இடம் கொடுங்கள். கேட்பவராக மட்டும் உட்கார வைப்பது போதாது.

நம் பிள்ளைகளுக்கும் ஒரு சொல். தனியாகப் போகத் தயக்கமாக இருந்தால் இரண்டு மூன்று பேராகப் போங்கள். முதல் கூட்டத்தில் புரியாவிட்டால் பரவாயில்லை, அங்கே பலருக்கும் பாதிதான் புரிந்திருக்கும். இரண்டாவது கூட்டத்தில் ஒரு கேள்வி கேளுங்கள். சில மாதங்கள் கழித்து, நீங்கள் செய்த ஒரு சிறு வேலையைப் பற்றி 5 நிமிடம் தமிழில் பேசுங்கள். கற்றதைத் தெருவில் இருக்கும் தம்பி தங்கைகளுக்குப் படிப்பகத்தில் சொல்லிக்கொடுங்கள்.

1916-இல் சிதம்பரத்தில் சுவாமி சகஜானந்தர் நந்தனார் பெயரில் கல்விப் பணியைத் தொடங்கினார். நம் தெருக்களில் அரிக்கேன் விளக்கு வெளிச்சத்தில் இரவுப் பள்ளிகள் நடந்தன. பள்ளிக்கூட வாசலே மறுக்கப்பட்ட காலத்தில் நம் முன்னோர் தாங்களே கூடி எழுத்தைக் கற்றார்கள். இன்றைக்குக் கற்க வேண்டிய எழுத்தில் கணினி நிரலும் ஒன்று. அடுத்த கூட்டம் எந்தத் தேதியில் என்று இந்த வாரமே விசாரித்து, வீட்டில் சொல்லி, கிளம்புங்கள்.