பட்ட மரத்தை நம்பி வாழும் அந்துப்பூச்சி

அந்துப்பூச்சி என்றதும் நம் நினைவுக்கு வருவன அரிசிப் பானையும் ஓட்டை விழுந்த கம்பளியும்தாம். வீட்டுச் சுவரில் சாம்பல் நிறக் கூட்டைச் சுமந்தபடி ஊரும் சிறு புழுவும் ஓர் அந்துப்பூச்சியின் இளம்பருவமே. அந்துப்பூச்சிகளுள் பெரும்பாலானவை புழுப்பருவத்தில் பச்சிலையைத் தின்று வளர்பவை. இலையையும் தானியத்தையும் விடுத்து, பட்ட மரத்தில் முளைக்கும் காளானையே உணவாகக் கொண்டவை சிலவே. தெற்கு இங்கிலாந்தின் காடுகளில் அரிதாகத் தென்படும் 'வேவ்டு பிளாக்' அவற்றுள் ஒன்று.

சுவீடன் நாட்டு இயற்கையியல் அறிஞர் லின்னேயஸ் 1761-ஆம் ஆண்டில் இதற்கு 'ஃபுலிஜினேரியா' என்று பெயரிட்டார். லத்தீன் மொழியில் 'ஃபுலிகோ' என்பது புகைக்கரியைக் குறிக்கும். கரி படிந்தாற்போன்ற சிறகுகளில் வெளிறிய அலைக்கோடுகள் ஓடும். விரித்த சிறகின் அகலம் 18 முதல் 28 மில்லிமீட்டர். பெயரின் ஈற்றிலுள்ள 'ஏரியா' என்பது காவடிப்புழு இனத்து அந்துப்பூச்சிகளுக்கு லின்னேயஸ் வழங்கிய அடையாளம். சிறகுகளைத் தட்டையாக விரித்து அமரும் இதன் தோற்றம் அவ்வாறு எண்ண வைத்திருக்கலாம். இன்று இது வேறொரு குடும்பத்தில் வைக்கப்பட்டுள்ளது. பழைய பெயர் மட்டும் நிலைத்துவிட்டது.

மரத்தின் பெரும்பகுதி செல்லுலோசும் லிக்னினும் ஆகும். பெரும்பாலான விலங்குகளால் இவற்றைச் செரிக்க இயலாது. பூஞ்சையோ மரத்தினுள் நுண்ணிழைகளைப் படரவிட்டு, நொதிகளைச் சுரந்து, அவற்றைச் சிதைத்துத் தன் உடலாக்கிக்கொள்கிறது. பிறகு பட்டையின் மேல் அலமாரித் தட்டுப்போல் நீட்டிக்கொண்டு காளான் வெளிப்படுகிறது. புழு மரத்தைத் தின்பதில்லை. காளான் பக்குவப்படுத்தி வைத்ததைத் தின்கிறது.

பிர்ச் மரத்தில் வளரும் வெண்ணிறக் காளான் இப்புழுவின் உணவுகளுள் ஒன்று. பண்டை நூல்கள் எழுதப்பெற்ற பூர்ஜபத்திரத்தை நமக்குத் தந்த இமயமலை மரமும் பிர்ச் இனத்தைச் சேர்ந்ததே. 1991-இல் ஆல்ப்ஸ் பனியிலிருந்து கிடைத்த, ஏறத்தாழ 5,300 ஆண்டுகளுக்கு முந்தைய மனிதரின் உடைமைகளிலும் இக்காளானின் துண்டுகள் இருந்தன. மருந்துக்காக அவர் அதை வைத்திருந்திருக்கலாம் என்பது ஆய்வாளர் பலரின் கருத்து.

கோடையில் பறக்கும் அந்துப்பூச்சி முட்டையிட, புழுக்கள் பொரித்துச் சிறிதளவு வளர்ந்த நிலையிலேயே குளிர்காலத்தைக் கழிக்கின்றன. வசந்தத்தில் மீண்டும் மேய்ந்து, கோடைத் தொடக்கத்தில் நூல்களால் தொங்கவிட்ட தொட்டில் போன்ற கூட்டுக்குள் உறங்குகின்றன.

இடர் எங்கே எனில், காளானின் காலம் குறுகியது. மரம் உளுத்துப் பொடியானதும் காளானுக்கு உணவு தீர்ந்துவிடும். அடுத்த தலைமுறைக்கு, பறந்து செல்லும் தொலைவுக்குள் வேறொரு மரம் அந்நேரத்தில் பட்டிருக்க வேண்டும். வைப்புத்தொகை முதிர்வதற்குள் அடுத்ததைத் தொடங்குவது போன்ற தொடர்ச்சி இது. ஒருமுறை அறுந்தால் மீட்பது கடினம். ஆனால் விழுந்த மரத்தை விறகாக அகற்றுவதும், பட்ட மரத்தை நோயின் ஊற்றாகக் கருதி வெட்டுவதும் ஐரோப்பியக் காடுகளில் நெடுங்காலம் நல்ல பராமரிப்பாகவே எண்ணப்பட்டன. காட்டைப் பூங்காவாக எண்ணிய அந்தத் தூய்மை, காளானை நம்பிய உயிர்களின் உணவைப் பறித்தது என்றே நாம் கருதுகிறோம்.

இங்கிலாந்தின் காப்புக் காடுகள் பலவற்றில் இப்போது வழக்கம் மாறியுள்ளது. பாதையின் குறுக்கே மரம் விழுந்தால், ஆள் நடக்கும் அகலத்துக்கு மட்டும் அறுத்து நீக்குகிறார்கள். எஞ்சியது காளான் முளைப்பதற்காக அங்கேயே கிடக்கிறது.