வெயிலில் நிற்கும் வண்டியும் வாயுக் குப்பியும்



பங்குனி மாதத்து நண்பகலில் நார்த்தாமலைப் பாறைமீது வெறுங்காலுடன் நடந்தவர்களுக்கு வெயிலின் வலிமையை நான் எடுத்துரைக்க வேண்டுவதில்லை. மேலமலையிலுள்ள விசயாலய சோழீச்சரத்தைக் காண விழைவோர் காலையிலேயே சென்று திரும்புவது அதனாலேதான்.

சில ஆண்டுகளுக்கு முன், முத்துமாரியம்மன் பங்குனித் திருவிழாவிற்கு என் உறவினர் குடும்பம் ஒன்று காரில் வந்தது. காரை வெயிலில் நிறுத்திவிட்டுச் சாமி கும்பிடச் சென்றனர். இரண்டு மணி நேரம் கழித்துத் திரும்பினோம். பின்கண்ணாடியின் அடியில் ஒரு சிற்றடுப்பும் மூன்று எரிவாயுக் குப்பிகளும் இருந்தன. குப்பிகள் கை வைக்க முடியாதபடி சுட்டன. வீட்டு இளைஞன் அவற்றுள் ஒன்றை அடுப்பில் பொருத்தித் தேநீர் வைக்க முனைந்தான். சுற்றிலும் குழந்தைகள். "தம்பி, பொறு" என்று தடுத்தேன். "ஏன் தாத்தா, மூடித்தானே இருக்கிறது?" என்றான். அந்த வினாவிற்குரிய விடையே இன்றைய பேச்சு.

முதலில் வண்டியைப் பார்ப்போம். கதிரவன் ஒளி கண்ணாடியைக் கடந்து உள்ளே புகுந்து இருக்கைகளைச் சூடாக்குகிறது. அவை வெளிவிடும் வெப்பமோ கண்ணாடியை எளிதில் கடப்பதில்லை. சூடேறிய காற்றுக்கும் வெளியேற வழியில்லை. அமெரிக்காவில் 2005ஆம் ஆண்டு வெளிவந்த ஓர் ஆய்வில், வெயிலில் நின்ற காரினுள் ஒரு மணி நேரத்தில் சராசரியாக 22 டிகிரி செல்ஷியஸ் வெப்பம் ஏறியது. அதில் ஐந்தில் நான்கு பங்கு முதல் அரைமணியிலேயே ஏறிவிட்டது. கண்ணாடியைச் சிறிது இறக்கி வைத்ததால் பெரும்பயன் விளையவில்லை. ஆகவே வெளியே 38 டிகிரி என்றால், உள்ளே 60 டிகிரியை எட்டக்கூடும்.

இனிக் குப்பிக்கு வருவோம். காற்றை மட்டும் ஒரு கலத்தில் அடைத்து 30 டிகிரியிலிருந்து 60 டிகிரிக்குச் சூடாக்கினால், அதன் அழுத்தம் பத்தில் ஒரு பங்கே கூடும். ஆனால் அடுப்புக் குப்பியில் இருப்பது வெறும் வாயுவன்று. அழுத்தத்தால் திரவமாக்கப்பட்ட பியூட்டேன். வெப்பம் ஏற ஏறத் திரவம் மேலும் மேலும் ஆவியாகிறது. 30 டிகிரியில் வளிமண்டல அழுத்தத்தைப் போல் ஏறத்தாழ 3 மடங்காக இருக்கும் அதன் அழுத்தம், 60 டிகிரியில் 6 மடங்கைத் தாண்டுகிறது. திரவமும் விரிகிறது. விரிவதற்கு இடமின்றிக் குப்பி முழுவதையும் அது நிரப்பிவிட்டால், பின்னர் ஏறும் ஒவ்வொரு டிகிரியும் உலோகத்தைப் பிளக்க முயலும். குப்பியை முழுவதும் நிரப்பாமல் இடம் விட்டு அடைப்பதன் காரணம் இதுவே. இத்தகைய குப்பிகளின்மேல் 50 டிகிரிக்கு மேற்பட்ட வெப்பத்தில் வைக்கலாகாது என்று அச்சிட்டிருப்பதும் இதனாலேயே.

சோடா செய்யப் பயன்படும் கரியமில வாயுக் குப்பி இன்னும் கண்டிப்பானது. 31 டிகிரிக்கு மேல் அவ்வாயு திரவமாக நிற்பதில்லை. அந்நிலையில் அதன் அழுத்தம் வளிமண்டல அழுத்தத்தைப் போல் சுமார் 73 மடங்கு. ஆதலால் அக்குப்பியைத் தடித்த எஃகினால் செய்கிறார்கள்.

நம் நாட்டில் 2016ஆம் ஆண்டு வாயு உருளை விதிகள், 500 மில்லி லிட்டருக்கு மேற்பட்ட கொள்ளளவுடைய கலத்தையே உருளை என்று வரையறுக்கின்றன. அதனினும் சிறிய குப்பிக்குப் பயன்படுத்துவோரின் அறிவே முதற்காவல்.

2023 ஆகஸ்டு 26ஆம் நாள் மதுரையில் நின்றிருந்த சுற்றுலா ரயில் பெட்டி ஒன்று தீப்பற்றி 9 பேர் உயிரிழந்தனர். விதியை மீறி உள்ளே கொண்டுவந்த எரிவாயு உருளையே காரணம் என்று ரயில்வே தெரிவித்தது. அங்கே தீ மூட்டியது வெயிலன்று, அடுப்பு. எனினும் அடைபட்ட வண்டியும் எரிவாயுவும் ஒன்றுசேரலாகாது என்ற பாடம் ஒன்றே.

நாம் செய்ய வேண்டுவன சிலவே. நிறுத்திய வண்டியில் குப்பியை விட்டுச் செல்லாதீர்கள். டிக்கியில் வைப்பது நேர்வெயிலைத் தடுக்குமேயன்றி வெப்பத்தைத் தடுக்காது. பயணத்தில் எடுத்துச் சென்றே தீர வேண்டுமெனில், அடுப்பிலிருந்து கழற்றி, மூடியிட்டு, நிழலில் வையுங்கள். இறங்கும்போது உடன் எடுத்துச் செல்லுங்கள். சூடேறிய குப்பியைக் கண்டால் கதவுகளைத் திறந்துவிட்டு, அது தானே ஆறும்வரை விலகியிருங்கள். புடைத்திருந்தாலோ, சீறும் ஒலி கேட்டாலோ, எரிவாயு நாற்றம் வந்தாலோ நெருங்காதீர்கள். தீக்குச்சி கிழிக்காதீர்கள், வண்டியையும் இயக்காதீர்கள். தீயணைப்பு நிலையத்திற்குச் சொல்லுங்கள்.

அன்று கதவுகளைத் திறந்துவிட்டு வேப்பமர நிழலில் அமர்ந்தோம். தேநீர் ஒரு மணி நேரம் தாமதமாயிற்று. அதனால் எவருக்கும் ஒரு குறையும் நேரவில்லை.