கொடைக்கானல்: ஏரியும் கடைத்தெருவும்

கோடை விடுமுறையில் குடும்பத்தோடு கொடைக்கானல் போய் வருவது நம்மில் பலருக்கும் வழக்கம். படகில் ஏறி, ஏரிக்கரையைச் சுற்றி, கொஞ்சம் பிளம்ஸ் பழமும் மலைப்பூண்டும் வாங்கிக்கொண்டு இறங்கிவிடுகிறோம். அந்த ஏரி இயற்கையாக அமைந்தது அல்ல, மனிதர் வெட்டிக் கட்டியது. அதை நம்பியே ஒரு கடைத்தெரு வளர்ந்திருக்கிறது. அந்த ஊரின் வரலாற்றில் வணிகர்கள் அறிய வேண்டிய செய்திகள் பல உண்டு.

ஊர் எழுந்த விதம்

பழனி மலைத்தொடரின் மேல், கடல் மட்டத்திலிருந்து சுமார் 7,000 அடி உயரத்தில் உள்ளது கொடைக்கானல். பூம்பாறை, வில்பட்டி, வெள்ளகவி போன்ற மலைக் கிராமங்கள் அதற்கு முன்பே இருந்தவை. 1821-இல் ஆங்கிலேய அதிகாரி லெப்டினன்ட் வார்டு இந்த மலையை அளந்து ஆய்வு செய்தார். மதுரையில் பணிபுரிந்த அமெரிக்கப் பாதிரிமார்கள் 1845-இல் இங்கே முதல் பங்களாக்களைக் கட்டினார்கள். சமவெளியில் காய்ச்சலும் காலராவும் அவர்கள் குடும்பங்களைக் கொள்ளை கொண்டதே காரணம். உல்லாசத்துக்காக அல்லாமல், உயிர் பிழைக்க ஏறி வந்தவர்களால் எழுந்த ஊர் இது.

அப்போது அங்கே ஏரி கிடையாது. ஓடைகள் பாய்ந்து சேறாகக் கிடந்த பள்ளம்தான் இருந்தது. மதுரை மாவட்டக் கலெக்டராக இருந்த சர் வியர் ஹென்றி லெவிஞ், 1863-இல் அந்த ஓடை நீரைக் கரை கட்டித் தேக்கினார். சொந்தப் பணத்தையும் இதில் செலவிட்டார். ஏரியில் மீன்குஞ்சு விட்டதும், தூத்துக்குடியிலிருந்து முதல் படகை வரவழைத்ததும் அவரே. சுமார் 60 ஏக்கர் பரப்பும், 5 கிலோமீட்டர் சுற்றளவும் கொண்ட இந்த ஏரி நிறைந்து வழியும் நீர்தான் மலைப்பாதையில் நாம் பார்க்கும் வெள்ளி அருவி. 1890-இல் படகுக் குழாமும் வந்தது.

தலைச்சுமைக் காலம்

1875-இல் திருச்சி–மதுரை ரயில்பாதை திறக்கப்பட்டபின், அம்மையநாயக்கனூர் நிலையம் மலைக்குப் போவோர் இறங்கும் இடமாயிற்று. இன்று அதன் பெயர் கொடைக்கானல் ரோடு. அங்கிருந்து ஓர் இரவு மாட்டு வண்டிப் பயணம். பெரியகுளம் பக்கம் மலையடிவாரத்தில் இறங்கி, சுமார் 12 மைல் செங்குத்துப் பாதையில் நடந்தோ, குதிரையிலோ, டோலியிலோ ஏற வேண்டும்.

மனிதருக்கே இந்தப் பாடென்றால் சரக்குக்குச் சொல்ல வேண்டுமா? அரிசி, பருப்பு, உப்பு, எண்ணெய் எல்லாம் தலைச்சுமையாகவும் பொதிமாடு, குதிரை மேலும் ஏறின. சரக்கின் விலையோடு சுமைகூலியும் சேர்ந்தே கடைவிலை ஆயிற்று. ஏறிய சரக்கு விற்காவிட்டால் திருப்பி அனுப்பவும் வழியில்லை.

1870களில் மேஜர் லா என்ற பொறியாளரின் பொறுப்பில் தொடங்கி இடையில் நின்றுபோன மலைச்சாலை, 1914–16 வாக்கில் மோட்டார் வண்டிக்கு ஏற்றதாக முடிந்தது. அதுவே இன்றைய வத்தலக்குண்டு சாலை. பெரியகுளம் அடிவாரத்தில் இருந்த போக்குவரத்து வத்தலக்குண்டுப் பக்கம் மாறியது. ஒரு சாலை திரும்பினால் வியாபாரம் எந்த ஊருக்குத் திரும்பும் என்பதற்கு இதைவிட நல்ல எடுத்துக்காட்டு தேவையில்லை.

ஆனாலும் பெரியகுளம் பக்கத்துக்கு மலையோடு உள்ள உறவு அறவே அற்றுப்போகவில்லை. மலைப்பூண்டு இன்றும் வடுகபட்டிப் பூண்டுச் சந்தைக்கு வருகிறது. கொடைக்கானல் மலைப்பூண்டுக்கு 2019-இல் புவிசார் குறியீடும் கிடைத்தது. அந்தப் பெயரில் வேறு பூண்டைக் கலந்து விற்பது இப்போது சட்டப்படியும் குற்றம் என்பதைச் சில்லறை வியாபாரிகள் நினைவில் கொள்வது நல்லது.

குளிரில் சரக்கு

மலைக்குச் சரக்கு அனுப்பும் மொத்த வியாபாரிகள் சிலவற்றைத் தெரிந்திருக்க வேண்டும். அந்த உயரத்தில் காற்றழுத்தம் குறைவு. அதனால் கீழே அடைத்த சிப்ஸ், முறுக்குப் பாக்கெட்டுகள் மேலே போனதும் உப்பிக்கொள்ளும். ஒட்டு சரியில்லாதவை வெடித்துவிடும். தண்ணீர் 100 டிகிரிக்குப் பதிலாக ஏறக்குறைய 93 டிகிரியிலேயே கொதிப்பதால் திறந்த பாத்திரத்தில் பருப்பு வேக நேரம் பிடிக்கும். பழைய பருப்பை அனுப்பினால் வேகவில்லை என்ற புகார் நிச்சயம் வரும். தேங்காய் எண்ணெய் உறைந்தே நிற்குமாதலால் அகன்ற வாய் டப்பாக்களே விற்கும். உப்பு, வெல்லம், அப்பளம் ஆகியவை ஈரம் இழுக்கும். மூட்டைகளைத் தரையில் அடுக்காமல் கட்டை மேல், சுவரைத் தொடாமல் வைக்க வேண்டும்.

இரண்டு வகை வாடிக்கை

கொடைக்கானலில் ஏப்ரல், மே முதல் சீசன். செப்டம்பர், அக்டோபர் இரண்டாவது சீசன். 2011 கணக்கெடுப்பின்படி நகரின் மக்கள்தொகை 36,501 மட்டுமே. சீசன் நாட்களில் கூடும் கூட்டத்தைப் பார்த்துக் கொள்முதல் செய்பவர் ஜூன் மழையில் இருப்பை வைத்துக்கொண்டு திண்டாடுவார். 1991-இல் வந்த ‘குணா’ படத்தால் ஒரு குகைக்குப் பெயரே மாறியது. 2024-இல் வந்த ஒரு மலையாளப் படம் அதே குகைக்கு மீண்டும் கூட்டம் சேர்த்தது. இப்படி வரும் கூட்டத்தை யாரும் கணக்கிட்டுச் சொல்ல முடியாது.

2020 மார்ச் ஊரடங்கில் சுற்றுலா ஒரே நாளில் நின்றது. அப்போதும் உள்ளூர்க் குடும்பங்களுக்கும், பூம்பாறை, மன்னவனூர், வில்பட்டி விவசாயக் குடும்பங்களுக்கும் அரிசியும் பருப்பும் வேண்டியிருந்தது. சீசன் வாடிக்கை லாபம் தரும். ஆண்டு முழுவதும் வரும் வாடிக்கைதான் கடையைக் காப்பாற்றும். மே மாதக் கூட்டத்தில் உள்ளூர்க்காரரைக் காக்க வைப்பவர் ஜூலையில் அவரைத் தேட வேண்டியிருக்கும்.

முதல் எது, லாபம் எது?

அந்த ஊரில் ஒவ்வொரு கடைக்கும் பொதுவான முதல் ஒன்று இருக்கிறது. ஏரித் தண்ணீர், சோலைக்காடு, குளிர்காற்று ஆகியவையே அது. கடை வாடகை, விடுதிக் கட்டணம், தேநீர், சாக்லேட் எல்லாம் அந்த முதலிலிருந்து வரும் லாபம். முதலில் கைவைத்தால் என்ன ஆகும் என்பதை அந்த ஊர் ஒருமுறை கண்டது. 1980களில் அங்கே வந்த தெர்மாமீட்டர் ஆலையின் பாதரசக் கழிவு சுற்றுப்புறத்தில் கலந்தது தெரியவந்து, 2001-இல் ஆலை மூடப்பட்டது. பாதரசம் பற்றிய கவலை இன்னும் ஓயவில்லை.

ஊர் தாங்கும் அளவுக்கு மேல் வண்டிகள் ஏறியதால், சென்னை உயர் நீதிமன்ற உத்தரவுப்படி 2024 மே 7 முதல் வெளியூர் வண்டிகளுக்கு இ-பாஸ் கட்டாயமாயிற்று. 2025 ஏப்ரல் முதல் ஜூன் வரை வாரநாட்களில் 4,000 வண்டிகள், வார இறுதியில் 6,000 வண்டிகள் என்று வரம்பும் விதிக்கப்பட்டது. வியாபாரம் குறையும் என்று வணிகர்கள் வருந்தியதில் நியாயம் உண்டு. முன்பணம் போட்டுச் சரக்கு எடுத்தவருக்கு இழப்பு இழப்புதான். ஆனால் சாலையில் மணிக்கணக்கில் நிற்கும் வண்டியில் இருப்பவர் எந்தக் கடையிலும் இறங்கி வாங்குவதில்லை என்பதையும் கணக்கில் சேர்க்க வேண்டும்.

கட்டுப்பாடுகளை எதிர்ப்பதா, ஏற்பதா என்று விவாதிப்பதோடு நிற்காமல், அவற்றை வகுக்கும்போதே வணிகர் சங்கங்களின் கருத்தைக் கேட்க வேண்டும் என்று வலியுறுத்துவதே முறை. வரம்பு எத்தனை என்பது சீசனுக்கு மூன்று மாதம் முன்பே தெரிந்தால் கொள்முதலை அதற்கேற்ப அமைத்துக்கொள்ளலாம். பிளாஸ்டிக் தடையையும் அவ்வாறே அணுகலாம். துணிப்பை, காகிதப் பை, கண்ணாடிப் புட்டி ஆகியவற்றைத் தனித்தனிக் கடைக்காரர் வாங்கினால் விலை கட்டாது. சங்கம் மொத்தமாகக் கொள்முதல் செய்து பகிர்ந்தால் கட்டும். மலையில் கடை வைத்திருக்கும் உறுப்பினர்களும், அடிவாரத்திலிருந்து அவர்களுக்குச் சரக்கு அனுப்புபவர்களும் அடுத்த சீசனுக்கு முன் கூடிப் பேசி இதைத் தொடங்கலாம்.