கொடி மாறிய ஆட்டக்காரர்கள் – 9: லெவோன் அரோனியனும் மாமல்லபுரமும்

பனித்தளத்தில் இசைக்கேற்பச் சறுக்கி ஆடும் ஃபிகர் ஸ்கேட்டிங் போட்டியில் நாடு மாறுபவர், புதிய நாட்டின் குடியுரிமை பெற்ற பின்னரே ஒலிம்பிக்கில் அதன் சார்பாக இறங்க முடியும் என்பதையும், அமெரிக்காவில் பிறந்த தாரா பிரசாத் 2019இல் இந்தியக் குடியுரிமை பெற்று இந்திய தேசியப் பட்டத்தை வென்றதையும் சென்ற பகுதி விளக்கியது. சதுரங்கத்தின் விதி இதனினும் நெகிழ்வானது. ஃபிடே எனப்படும் பன்னாட்டுச் சதுரங்கக் கூட்டமைப்பின் ஏட்டில் ஒருவர் எந்த நாட்டின் கூட்டமைப்பில் பதிவாகியிருக்கிறாரோ அந்நாட்டு அணியிலேயே ஆடுகிறார். பதிவை மாற்றும்போது அதற்கான கட்டணத்தையும், பழைய கூட்டமைப்புக்குரிய இழப்பீட்டையும் பொதுவாகப் புதிய கூட்டமைப்பே ஏற்கிறது.

இவ்விதியின் வழியே நாடு மாறியவர்களுள் முதன்மையானவர் லெவோன் அரோனியன். 1982இல் ஆர்மீனியத் தலைநகர் எரெவானில் பிறந்த அவர், 2002இல் கோவாவில் நடைபெற்ற உலக இளையோர் போட்டியில் பட்டம் வென்றார். நாட்டு அணிகள் மோதும் சதுரங்க ஒலிம்பியாடில் 2006, 2008, 2012 ஆகிய மூன்று முறை ஆர்மீனியா தங்கம் வென்றபோது அணியின் முன்னணி ஆட்டக்காரருக்குரிய முதல் பலகையில் ஆடினார். ஆட்டத் திறனை எண்ணால் அளக்கும் எலோ மதிப்பீட்டில் 2014இல் 2830 புள்ளிகளைத் தொட்டார். 2011இல் பள்ளிப் பாடத்திட்டத்திலேயே சதுரங்கத்தைச் சேர்த்த அந்நாட்டிலிருந்து, அரசின் அக்கறை குன்றிவிட்டது என்று கூறி, அமெரிக்காவுக்கு மாறப்போவதாக அவர் 2021 பிப்ரவரியில் அறிவித்தார்.

புதிய கொடியின்கீழ் அவர் ஆடிய முதல் ஒலிம்பியாட், மாமல்லபுரத்தை அடுத்த பூஞ்சேரியில், 2022 ஜூலை 28 முதல் ஆகஸ்ட் 10 வரை நடைபெற்ற 44ஆவது போட்டியாகும். தரவரிசையில் முதலிடத்திலிருந்த அமெரிக்க அணியின் ஐவரில், இத்தாலிக்காக ஆடிய கருவானா, பிலிப்பைன்ஸுக்காக ஆடிய வெஸ்லி சோ, கியூபாவுக்காக ஆடிய டொமிங்கஸ், அரோனியன் ஆகிய நால்வர் பிற நாட்டுப் பதிவிலிருந்து வந்தவர்கள். எட்டாவது சுற்றில், குகேஷ் கருவானாவை வீழ்த்த, இந்தியாவின் ‘பி’ அணி அவர்களை 3–1 என வென்றது. அமெரிக்கா ஐந்தாமிடத்தில் முடிந்தது. அரோனியன் விட்டுச்சென்ற முதல் பலகையில், மூன்று தங்கங்களிலும் அவருடன் பங்குபெற்ற கேப்ரியல் சர்கிசியன் அமர, ஆர்மீனியா உஸ்பெகிஸ்தானுக்கு நிகராக 19 புள்ளிகள் பெற்று, சமநிலை முறிக்கும் கணக்கில் மட்டுமே பின்தங்கி வெள்ளி வென்றது.

நாடு மாறியோரைக் கொண்ட அணி தோற்கும் என்று இதிலிருந்து பொதுவிதி வகுக்க இயலாது; கருவானாவும் சோவும் இடம்பெற்ற அமெரிக்க அணி 2016இல் பாக்கூவில் தங்கம் வென்றது, அரோனியன் இடம்பெற்ற அணியும் 2024இல் புடாபெஸ்டில் இந்தியாவுக்கு அடுத்து வெள்ளி பெற்றது. ஆயினும் பதிவு மாற்றத்தால் இடம்பெயர்வது ஒருவரின் ஆட்டத் திறன் மட்டுமே என்பதையும், ஒரு நாட்டில் தலைமுறைகளாக உருவான பயிற்சி மரபு அவருடன் வெளியேறிவிடுவதில்லை என்பதையும் ஆர்மீனியாவின் வெள்ளிப் பதக்கம் உறுதிப்படுத்துகிறது.

(தொடரும்)